நாலு மணிக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பது?

சபரகமுவ தோட்டங்களில் குழந்தைப் பராமரிப்பு நிலையம் தொடங்குவோருக்கு ஒரு வழித்துணை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் குழந்தைப் பராமரிப்பு புதிதாக வந்த தொழில் அல்ல. புள்ளக் காம்பராவும் அதில் ஓர் ஆயம்மாவும் என்பது வெள்ளைக்காரத் துரைமார் காலத்து ஏற்பாடு. விடிய, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் தாய் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மலை ஏறுவாள். இடையில் ஒருமுறை வந்து பால் கொடுப்பாள். கடைசிக் கொழுந்தை நிறுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்புவாள். தோட்டத்துக்கு அவளுடைய இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. இடுப்பில் இருக்கும் பிள்ளையை இறக்கிவைக்க ஓர் இடம் இல்லாமல் அந்தக் கைகள் கிடைக்காது. புள்ளக் காம்பரா பிறந்த காரணம் இதுதான்.

பழைய காம்பராக்கள் பெரும்பாலும் நீளமான ஒற்றை அறை. தகரக் கூரை, உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள், மூலையில் புகை படிந்த அடுப்பு, வெளியே ஒரு பீலி. மலை ஏற முடியாத வயதுக்கு வந்த பெண்ணொருத்தி ஆயம்மாவாக அமர்த்தப்படுவார். அழாமல் பார்த்துக்கொள்வதும் நேரத்துக்குப் பால் கரைத்துக் கொடுப்பதும்தான் அவருடைய வேலை. பிள்ளையோடு பேசுவதும் விளையாடுவதும் அந்த வேலையில் சேர்த்தியில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்படும் அமைப்பை உருவாக்கியதும் அந்தக் காலத்தில்தான். இந்த மாற்றங்களுக்கிடையே புள்ளக் காம்பரா சிறுவர் அபிவிருத்தி நிலையமாயிற்று. ஆயம்மாவின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். 2015இல் உலக வங்கி 5 கோடி அமெரிக்க டொலர் கடனுதவியோடு தொடங்கிய முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தித் திட்டத்திலும் தோட்ட நிலையங்களைக் கட்டுவதற்கும் திருத்துவதற்கும் தனிப்பங்கு இருந்தது. சுவரில் எழுத்துப் படங்கள், சின்னக் கழிவறை, நிறை பார்க்கும் தராசு, விளையாட்டுப் பொருள்கள் என்று ஒழுங்காக இயங்கும் நிலையங்கள் இன்று இருக்கின்றன. பக்கத்து டிவிசனிலேயே கூரை ஒழுகும் பழைய காம்பராவும் இருக்கலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2016ஆம் ஆண்டின் மக்கள் தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் அது நூற்றுக்கு 32 அளவில் இருந்தது. இதற்குப் புள்ளக் காம்பராவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வறுமை, தாயின் உடல்நிலை, லயத்து வாழ்க்கை எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி கழிவது பராமரிப்பு நிலையத்தில் என்றால், அங்கே என்ன சாப்பிடுகிறது என்பது சின்ன விசயம் அல்ல. புதிதாக நிலையம் தொடங்குபவர் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டிய கணக்கும் இதுதான்.

யாருக்கு இடமில்லை

தோட்டத்தில் இலவசமாக ஒரு நிலையம் இருக்கும்போது காசு வாங்கிக்கொண்டு இன்னொன்று எதற்கு என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சபரகமுவவின் இன்றைய பிழைப்பில் இருக்கிறது. தோட்டப் பெயர்ப்பட்டியலில் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை, எஹெலியகொடைப் பக்கத்து இளம் பெண்கள் அவிசாவளையின் சீதாவக்கை ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்தில் கடைகளிலும் சிறு தேயிலைத் தோட்டங்களிலும் கூலிக்கு நிற்கிறார்கள். நாட்டின் தேயிலையில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் இன்று சிறுதோட்டங்களில்தான் விளைகிறது. அங்கே நாட்கூலிக்குப் போகும் தாய்க்குப் புள்ளக் காம்பராவும் இல்லை, பிரசவச் சகாயமும் கைக்கு வருவது அரிது.

தோட்ட நிலையம் தோட்ட வேலை நேரத்தோடு திறந்து, அந்த நேரத்தோடு மூடும். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண் விடியற்காலை பஸ் ஏறினால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். தோட்டத்தில் பெயர் பதியாத தாயின் பிள்ளையைச் சேர்ப்பதா இல்லையா என்பதும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அப்படியிருக்க, பிள்ளை பாட்டியிடம் இருக்கிறது. பாட்டியும் கைக்காசுக்கு மலைக்குப் போகிறாள் என்றால் அக்காளிடம் இருக்கிறது. 5 முதல் 16 வயது வரை பாடசாலைக்குப் போவது கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. தம்பியைப் பார்க்க வீட்டில் நிற்கும் 12 வயதுப் பெண்பிள்ளையின் வகுப்பு இடாப்பில் அந்தச் சட்டம் தோற்றுப்போகிறது. நல்ல பராமரிப்பு நிலையம் ஒன்று ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது.

இறப்பர் தோட்டங்களின் நிலை வேறு. நாட்டில் அதிக இறப்பர் நிலம் உள்ள மாவட்டம் கேகாலை. பால் வெட்டுபவர் வெளிச்சம் வந்ததும் மரத்தடியில் நிற்க வேண்டும். நண்பகலுக்குள் பால் சேர்த்துக் கொடுத்துவிடுவார். அவருக்கு வேண்டியது அதிகாலை 5 மணிக்குத் திறக்கும் நிலையம். மாலையில் அவருக்கு நிலையமே தேவைப்படாது. தேயிலைக்கும் இறப்பருக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் ஒரே நேர அட்டவணை பொருந்தாது. எந்தத் தாய்மாருக்காக நிலையம் என்பதைத் தீர்மானித்த பிறகே வாடகைக்கு இடம் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள் அதிகம்.

சட்டமும் பதிவும்

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2018இல் வந்த திருத்தத்தின்படி எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் விடுமுறை உண்டு. அதற்கு முன் மூன்றாவது பிள்ளையிலிருந்து பாதி நாள்தான். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு 9 மணி நேர வேலையில் இரண்டு இடைவேளை கொடுக்கவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வேலைத்தலத்தில் பிள்ளைகள் காப்பகம் இருந்தால் இடைவேளை அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. நிலையம் தொடங்குபவருக்கு இதில் இரண்டு செய்தி இருக்கிறது. வரப்போகும் கைப்பிள்ளைக்கு 3 மாதம்தான் ஆகியிருக்கும். வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் நிலையம் இருந்தால் முதலாளிக்கும் நேரம் மிச்சம். முதலாளியிடம் உதவி கேட்கும்போது முன்வைக்கக்கூடிய நியாயமான வாதம் இது.

தொழிற்பெயரை மாகாணச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். அதே செயலகத்தில் சிறுவர் செயலகத்தின் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கான வழிகாட்டல்களையும், பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு எத்தனை பேர், எவ்வளவு இடம் என்பதையும் அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. 3 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முன்பள்ளியும் சேர்த்து நடத்துவதானால், அது மாகாண சபையின் விடயம் என்பதால் தனிப்பதிவு வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சமையலறை, கழிவறை, தண்ணீர் மூன்றையும் பார்ப்பார். வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவரிடமும், நடத்துபவரின் வீட்டு ஆண்கள் உட்பட நிலையத்தில் நடமாடும் அனைவரிடமும், பொலிஸ் நற்சான்று கேட்பது சங்கடமான காரியம்தான். செய்தே ஆகவேண்டிய காரியமும் கூட. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைத் தாய்மார் கண்ணில் படும்படி வாசலில் எழுதிவைக்க வேண்டும்.

சபரகமுவவில் பல அலுவலகப் படிவங்கள் சிங்களத்தில் மட்டுமே நீட்டப்படும். தமிழும் ஆட்சி மொழி. தமிழில் எழுதிக்கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. கையொப்பமிடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் யாரும் தொழில் தொடங்கக்கூடாது.

இடம்

லயத்து அறைக்கு அதில் வாழ்பவர் சொந்தக்காரர் இல்லை. நிலம் அரசினுடையது, கம்பனிகளுக்கு அது 1992 தொடக்கம் 53 ஆண்டுக் குத்தகையில் இருக்கிறது. ஆகவே லயத்தில் நிலையம் நடத்தத் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். துரை மாறினால் வாய்ச்சொல் அனுமதி நிற்காது. 7 பேர்ச் காணியில் தனிவீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்தால் பஸ் ஏறும் தாய்மாருக்கு வசதி, வாடகைதான் சுமை. இவையெல்லாவற்றையும் விட நல்ல வழி ஒன்று உண்டு. பிள்ளைகள் குறைந்துபோய்ப் பாதி நாள் பூட்டிக்கிடக்கும் தோட்ட நிலையத்தை, நிர்வாகத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, காலையிலும் மாலையிலும் கூடுதல் நேரம் திறந்து நடத்துவது. கட்டடம், சின்னக் கழிவறை, வேலி எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. தொடங்குபவரின் முதல் முயற்சி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மண்சரிவு இந்த மாகாணத்தில் ஒதுக்கிப் பேசக்கூடிய பொருள் அல்ல. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாட்களில், புலத்கொஹுபிட்டிய களுப்பஹன தோட்டத்து லயமும் மண்ணில் புதைந்தது. பார்த்த இடம் மேட்டின் அடியிலா, ஓடைக்கரையிலா, சுவரில் புதிய வெடிப்பு உண்டா என்பதைப் பார்த்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்ட பிறகே முற்பணம் கொடுக்க வேண்டும். சிவப்பு எச்சரிக்கை வரும் நாளில் நிலையத்தை மூடுவது என்றும், தாய்மாருக்கு எப்படி அறிவிப்பது என்றும் முதல் நாளிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

மற்ற ஆபத்துகள் சின்னதாகத் தெரியும். திறந்த கான், மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி, கொதிக்கும் தேத்தண்ணிக் கேத்தல். இறப்பர் சிறுதோட்டக்காரர் வீடானால் பாலை உறைய வைக்கும் அமிலப் போத்தல். அது பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். மழை தேங்கும் சிரட்டையும் டயரும் டெங்கு நுளம்புக்கு வீடு. இரத்தினபுரியில் எலிக்காய்ச்சலும் சேர்த்துக் கவனிக்க வேண்டிய நோய். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலவசம். ஆனால் தோட்டப் பாதையில் அது வந்து சேர எடுக்கும் நேரத்தில் செய்யவேண்டிய முதலுதவியை நிலையத்தில் ஒருவராவது கற்றிருக்க வேண்டும்.

ஒரு நாளின் வேலை

காலையில் தாய் பையோடு வருவாள். மாற்றுத்துணி, போத்தல், ஒரு துண்டு ரொட்டி. அந்த ஒரு நிமிடத்தில் கேட்கவேண்டியவை: ராத்திரி தூங்கியதா, காய்ச்சல் உண்டா, கடைசியாக எப்போது பால் குடித்தது. கேட்டதைக் கொப்பியில் எழுத வேண்டும். மருந்து கொடுக்கச் சொன்னால் மருந்தின் பெயரும் நேரமும் தாயின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். பிள்ளையை மாலையில் யார் கூட்டிப்போகலாம் என்ற பெயர்ப்பட்டியலும் அதே கொப்பியில் இருக்கும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் சித்தப்பாவே வந்தாலும் பிள்ளையைக் கொடுக்கக்கூடாது.

பாலூட்ட வரும் தாய் மலையிலிருந்து நேராக வருவாள். இடுப்பில் ஈரப் படங்கு, காலில் அட்டை கடித்த இரத்தம், கையில் மருந்தடித்த செடியைத் தொட்ட அழுக்கு. வாசலில் சவர்க்காரமும் தண்ணீரும், படங்கைக் கழற்றி மாட்ட ஓர் ஆணியும், சுவரோரம் சாய்ந்து உட்கார மறைவான ஓர் இடமும் வைத்தால் போதும். அந்தத் தாய் அவசரமில்லாமல் பால் கொடுப்பாள். அதிகம் செலவில்லாத இந்த ஏற்பாடு பல இடங்களில் இல்லை. பாலைப் பிழிந்து வைத்துவிட்டுப் போகும் தாய் உண்டானால், சாதாரண அறைச் சூட்டில் அது 4 மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் குளிர்சாதனப் பெட்டி வேண்டும்.

கைப்பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். ஆயம்மா ஒருவர் எத்தனை கைப்பிள்ளையைப் பார்க்க முடியும் என்பதில் பேராசை கூடாது. இங்கிலாந்தில் 2 வயதுக்குட்பட்ட 3 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது சட்டம். அந்த அளவுக்கு இங்கே கட்டுப்படியாகாமல் போகலாம். தீப்பிடித்தால் ஒருவர் எத்தனை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்று யோசித்தால் விடை தானே வரும்.

சாப்பாட்டில் சோறும் பருப்பும் மட்டும் போதாது. முட்டை, நெத்தலி, கீரை, தோட்டத்திலேயே கிடைக்கும் பப்பாசி, வாழைப்பழம் இவை அதிக விலையில்லாதவை. குடும்ப நல உத்தியோகத்தரோடு நல்ல உறவு வைத்து, மாதம் ஒருமுறை நிறை பார்த்து, பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் கோடு கீழிறங்கினால் உடனே தாயிடம் சொல்ல வேண்டும். திரிபோஷா சத்துமா கிடைக்கவேண்டிய பிள்ளைக்கு அது கிடைக்கிறதா என்று கேட்டறிவதும் இதில் அடக்கம்.

வேலைக்கு எடுப்பவர் பிள்ளைகளோடு பேசுபவராக இருக்க வேண்டும். சான்றிதழ் அதற்குப் பிறகு. தேசியத் தொழில் தகைமையில் பராமரிப்பாளருக்கான பயிற்சி உண்டு. திறந்த பல்கலைக்கழகம் முன்பிள்ளைப்பருவக் கல்வியில் டிப்ளோமா நடத்துகிறது. சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த தோட்டங்கள் இவை. ஆகவே இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் இருந்தால் கிராமத்துப் பிள்ளைகளும் வருவார்கள். நிலையத்தின் வருமானத்துக்கும் அது பலம்.

காசுக் கணக்கு

இதுவே கடினமான இடம். ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். பிள்ளைகள் 15 பேர், வேலைக்கு இருவர். 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதற்கு மேல் தொழில் தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12, நம்பிக்கை நிதிக்கு 3 கட்ட வேண்டும். ஒருவருக்கு 34,500, இருவருக்கு 69,000. பிள்ளைக்கு நாளைக்கு 100 ரூபாய்ச் சாப்பாடு என்றால் 22 நாளைக்கு 33,000. வாடகை, மின்சாரம், சவர்க்காரம், பழுதுபார்ப்பு 15,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 117,000. பிள்ளை ஒன்றுக்கு 7,800 ரூபாய். இதில் நடத்துபவருக்கு இலாபம் இல்லை. அந்த இருவரில் ஒருவர் அவரே என்றால்தான் அவருக்குச் சம்பளமாவது மிஞ்சும்.

இனித் தாயின் கையைப் பார்க்கலாம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, அரசின் வருகைக் கொடுப்பனவு 200ஐயும் சேர்த்து 1,750க்குக் கொண்டுவர முன்மொழிந்தது. அந்த உயர்ந்த தொகையிலேயே மாதம் 20 பேர், அதாவது 20 நாள் வேலை, விழுந்தாலும் 35,000. அதில் 7,800 என்பது நாலில் ஒரு பங்குக்குக் கிட்ட வருகிறது. கிலோ குறைந்து அரைப்பேர் விழும் மாதத்தில், மழையால் பால் வெட்டு நின்றுபோகும் மாதத்தில், அவளால் அது கட்டவே முடியாது. கொழுந்து எடுக்கும் தாயின் கட்டணத்தை மட்டும் நம்பி இந்த மாகாணத்தில் ஒரு பராமரிப்பு நிலையம் நிற்காது. கட்டணத்தைக் குறைத்து ஆளையும் சாப்பாட்டையும் வெட்டினால் அது பழைய காம்பராவாகவே திரும்பிப் போகும்.

ஆகவே வருமானம் பல வாசல் வழியாக வர வேண்டும். தோட்ட நிர்வாகம் தன் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு தொகை. ஆடைத் தொழிற்சாலை தன் ஊழியருக்கு ஒரு தொகை. ஆசிரியர், கடைக்காரர், அரச ஊழியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முழுக்கட்டணம். பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. இந்தியாவின் அகமதாபாத்தில் இலா பட் 1972இல் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பின் பெண்கள், சங்கினி என்ற கூட்டுறவு மூலம் பராமரிப்பு நிலையங்களை நடத்துகிறார்கள். அங்கேயும் தாய்மார் தருவது செலவின் ஒரு பங்குதான். 1969இல் மீரா மகாதேவன் டில்லியில் கட்டட வேலைத்தலங்களில் தொடங்கிய நடமாடும் காப்பகங்களின் அனுபவமும் அதுவே. இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் நடத்துவதை முதலாளியின் கடமையாக்கியது. எங்கேயும் கூலித் தாயின் மடிச்சீலைக் காசில் மட்டும் நல்ல காப்பகம் நடந்ததில்லை.

கட்டணம் வாங்கும் நாளும் முக்கியம். தோட்டத்துத் தாய்க்குச் சம்பளத்துக்கு மறுநாள், தொழிற்சாலைத் தாய்க்கு மாத முடிவில். மழை நாளில் பிள்ளை வராவிட்டாலும் ஆயம்மாவின் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் நாட்கட்டணத்தை விட மாதக்கட்டணமே பாதுகாப்பு. இதைச் சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும். இடையில் சொன்னால் மனக்கசப்பு.

முதலுக்குக் கடன் வாங்குவதில் நிதானம் வேண்டும். கேகாலை சனச சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் வேரூன்றிய மாவட்டம்; பிரதேச அபிவிருத்தி வங்கியும் உண்டு. வாரத் தவணை நுண்கடன் இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது. இங்கே வருமானம் மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், தவணை கேட்பவர் வாரந்தோறும் வருவார். தோட்ட நிலையம் கிடைக்காவிட்டால் 5, 6 பிள்ளைகளோடு வீட்டில் தொடங்கி, ஆறு மாதக் கணக்கைப் பார்த்து, பிறகு பெருக்குவதே புத்தி.

தொடங்க நினைப்பவர் முதலில் செய்யக்கூடிய காரியம் செலவில்லாதது. தம் டிவிசனிலும் பக்கத்துக் கிராமத்திலும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, அவர்களின் தாய்மார் எங்கே வேலை, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள், எவ்வளவு கொடுக்க முடியும் என்று வீடுவீடாகக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியோடு பிரதேச செயலகத்துக்கும் தோட்டக் காரியாலயத்துக்கும் போங்கள். வெறுங்கையோடு போகிறவரை நாளைக்கு வரச் சொல்வார்கள். கணக்கோடு போகிறவரை உட்காரச் சொல்வார்கள்.